குழந்தைகளுக்கான பிளாஸ்டர் ஓவியப் பயிற்சி: மாவைக் குழைப்பதில் உள்ள ஆபத்து என்ன?

விடுமுறைக் காலக் கைவினைப் பயிற்சிகளில் மீன், ஆமை, பூ வடிவ அச்சுகளில் வார்க்கப்பட்ட பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது குழந்தைகளை எளிதில் ஈர்க்கும் ஒன்று. செலவும் குறைவு. எனினும், தூரிகை பிடிப்பதைக் குழந்தைகளிடம் விடலாம். மாவைக் குழைப்பதை விடக் கூடாது.

ஜிப்சம் என்னும் கனிமத்தை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கும்போது, அதில் பிணைந்துள்ள நீரில் முக்கால் பங்கு வெளியேறுகிறது. எஞ்சும் வெள்ளைத் தூளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதில் நீர் சேர்த்தால், இழந்த நீரை ஏற்று மீண்டும் ஜிப்சமாகி இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்கள் அந்த இளஞ்சூட்டை உணர்ந்திருப்பார்கள். மெல்லிய கட்டில் அது தீங்கற்றது. கனமான கலவைக்குள் வெப்பம் 60 டிகிரி வரை உயரக்கூடும்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் 2007-ஆம் ஆண்டு, பள்ளி ஓவிய வகுப்பில் தன் கைகளை அச்செடுப்பதற்காகக் கலவைக்குள் நுழைத்த 16 வயது மாணவி பெரும்பாலான விரல்களை இழந்தார். கலவை இறுகியதால் கைகளை வெளியே எடுக்க முடியவில்லை. உள்ளே தீக்காயம் ஏற்பட்டது. பள்ளிக்கு 2009-இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. கை அச்சு எடுக்க இக்கலவையைப் பயன்படுத்தவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆகவே வார்ப்பு வேலையைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. தூள் மூக்கில் ஏறாதபடி முகக்கவசம் அணிந்து, நீரில் தூளைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். தூளின் மேல் நீரை ஊற்றினால் கட்டி தட்டும்.

இறுகுவது வேறு, உலர்வது வேறு. உருவம் சில நிமிடங்களில் இறுகிவிடும். உலர நாட்கள் ஆகும். அந்தமானில், ஸ்ரீ விஜயபுரத்தின் லம்பா லைன் போன்ற பகுதிகளில் பயிற்சி நடத்துவோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரு பருவமழைகளும் பெய்யும் இத்தீவுகளில் ஆண்டு மழையளவு சுமார் 3,000 மில்லிமீட்டர்; காற்றிலும் ஈரம் மிகுதி. உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்குமாயின் உள்ளே ஈரம் உள்ளது என்று பொருள். அதன் மேல் பூசிய அக்ரிலிக் வண்ணம் கொப்புளித்து உரியும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களின் முறை இதற்கு நேர்மாறானது. அங்கு ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேலேயே வண்ணம் தீட்டப்பட்டது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக மாறும்போது வண்ணமும் அதனுடன் பிணைந்துவிடுகிறது. ஆனால் ஈரச் சுண்ணாம்பு தோலை அரிக்கும் என்பதால் அம்முறை சிறுவர்களுக்கு ஏற்றதன்று.

மீதமாகும் கலவையைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே இறுகி அடைத்துவிடும். கடலில் கொட்டுவதும் தீர்வாகாது. நீர்நிலைகளைக் காக்கும் நோக்கில், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் தடை விதித்தது. அது கரைக்கப்படும் சிலைகளைப் பற்றியது. வீட்டில் வைத்துக்கொள்ளும் கைவினைப் பொருளுக்கு அன்று. எனினும் மிச்சக் கலவையை வாளியிலேயே இறுகவிட்டு, உடைத்து, உலர் கழிவுடன் சேர்ப்பதே முறை.