உழவு இயந்திரத்தின் எரிபொருள் மானி: பழுதறிதலும் மிதவைக் கருவியை மாற்றுதலும்

காலபோக மழை விழுந்து நிலம் உழவுக்கேற்ற ஈரம் பெற்றிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் நடு வயலில் டீசல் தீர்ந்து இயந்திரம் நின்றுவிட்டால், தாங்கியை நிரப்பிய மாத்திரத்தில் அது மீண்டும் இயங்கிவிடாது. குழாய்களிற் புகுந்த காற்றை வெளியேற்றிய பின்னரே இயங்கும். மேலும், தாங்கியின் அடியிற் படிந்திருந்த அழுக்கும் நீரும் வடிகட்டிக்கு இழுக்கப்படும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் டீசலாலேயே மசகு பெறுகின்ற உட்செலுத்தும் பம்பியும் தேய்வுறும். கையிருப்பின் அளவை அறிந்திருப்பதன் அருமையை 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளில் நின்ற எவரும் மறந்திருக்கமாட்டார். ஆகவே, முள் ஆடாத மானியை "அது எப்போதும் அப்படித்தான்" என்று விட்டுவிடுதல் நன்றன்று.

பள்ளிமுனை போன்ற கடலோர ஊரில் இரவு தரித்து நின்று, பகலிற் பாலம் கடந்து கட்டுக்கரைக் குளத்து வயல்களுக்குச் செல்லும் இயந்திரங்களுக்கு இப்பழுது எளிதில் வரும். உப்புக் காற்றினால் செப்பு முனைகளிற் பச்சைக் களிம்பும், திருகாணிகளில் துருவும் படிகின்றன. இவையே மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. எனவே புதிய கருவி வாங்குவதற்கு முன் முனைகளையும் கம்பிகளையும் சோதித்தல் வேண்டும். பலருக்கு அதற்குமேற் செலவு நேராது.

மானி வேலை செய்யும் விதம்

மாசி பேர்குசன் 135 போன்ற பழைய இயந்திரங்களில், டீசல் தாங்கியினுள் ஒரு மிதவைக் கருவி உண்டு. டீசலின் மட்டத்தோடு மிதவை ஏறி இறங்கும்போது அதன் கை, மின்தடைச் சுருளின்மீது நகரும். தடை மாறுவதற்கேற்ப மானியின் முள் நகரும். மின்னோட்டம் மானியிலிருந்து ஒரே கம்பி வழியாகக் கருவிக்கு வந்து, தாங்கியின் உலோகத்தின் வழியே இயந்திரத்தின் உடலுக்குச் செல்கிறது. "எர்த்" என்று கராஜ்களில் வழங்கும் இவ்வுடற்தொடுப்பே கடலோரத்தில் முதலிற் கெடுவது. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களிலும் அமைப்பு இதுவே.

பழுதறியும் முறை

வெளியான இடத்தில், தாங்கியின் மூடியை இறுக மூடிய பின்னரே சோதனையைத் தொடங்குங்கள். அருகிற் புகைத்தலோ தீயோ ஆகாது. பெற்றோல் வாகனமாயின் இருமடங்கு எச்சரிக்கை தேவை.

1. மிதவைக் கருவியின் முனையைக் கழற்றி, அரத்தாளினாற் பளபளக்கத் தேய்த்து மீண்டும் பூட்டுங்கள்.

2. ஒரு துண்டு வயரின் ஒரு நுனியைக் கருவியின் உலோகத் தகட்டிலும், மறு நுனியை இயந்திரத்தின் உடலில் வர்ணமற்ற இடத்திலும் அழுத்திப் பிடியுங்கள். முள் சரியான இடத்துக்கு வருமாயின், பழுது உடற்தொடுப்பிலே உள்ளது. அவ்வயரையே நிரந்தரமாகப் பூட்டிவிடலாம்.

3. முள் வராவிடின், கருவியிலிருந்து கம்பியைக் கழற்றிச் சாவியைத் திறவுங்கள். முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அக்கம்பியின் நுனியைத் தாங்கியிலிருந்து விலகிய ஓரிடத்தில் இயந்திர உடலோடு தொடுங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடியை நோக்கிச் சென்றால் மானியும் கம்பியும் நல்லவை, கருவியே பழுது. சில மானிகளில் கழற்றும்போது "நிறைவு" காட்டும்; வேறு சிலவற்றில் "வெறுமை" காட்டும். இரண்டும் இயல்பே. முள் மெல்ல ஏறும் வகையாயின், அது பாதியைக் கடந்தவுடன் தொடுப்பை எடுத்துவிடுங்கள்.

4. முள் அசையவேயில்லையெனின், மானியின் பின்புற முனையில் இச்சோதனையைச் செய்யுங்கள். அங்கு அசைந்தால் இடையிலுள்ள கம்பி அறுந்துள்ளது. அங்கும் அசையாவிடின் பியூசையும் மானியையும் பார்க்க வேண்டும்.

பற்றரியின் மின்னை நேரே கருவியின் முனைக்குக் கொடுத்தல் கூடாது, சுருள் கருகிவிடும்.

மாற்றும் முறை

முதலிற் பற்றரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். பழைய ஆங்கிலக் கார்கள் சிலவற்றில் நேர்முனையே எர்த் ஆதலால், உடலோடு இணைந்த கம்பி எதுவெனப் பார்த்துக் கழற்றுதல் வேண்டும். தாங்கியிலுள்ள டீசலைப் பாதிக்குக் கீழே இறக்கி, கருவியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தகற்றுங்கள். கருவி இருந்த திசையைக் குறியிட்டபின் திருகாணிகளைக் கழற்றி, மிதவையின் கை வளையாதபடி சரித்து வெளியே எடுங்கள். துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள். மிதவையைக் குலுக்கும்போது உள்ளே டீசல் சலசலத்தால், மிதவை ஓட்டையாகி அமிழ்ந்துவிட்டது என்பது தெளிவு. அதைத் தீயிற் காய்ச்சி ஒட்ட முயலாதீர்கள்.

புதியதை வாங்கும்போது பழையதையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கையின் நீளம், வளைவு, துளைகளின் இடைவெளி ஆகியவற்றோடு, உங்கள் மானிக்கு ஏற்ற மின்தடையும் ஒத்திருத்தல் அவசியம். தடை பொருந்தாவிடின் நிறைந்த தாங்கி வெறுமையாகத் தோன்றவும் கூடும்.

பூட்டுமுன், தாங்கியின் துவாரத்தை நன்றாக அடைத்து, கருவியைச் சற்றுத் தூரத்தில் வைத்து, கம்பியையும் எர்த் வயரையும் தொடுத்த பின் பற்றரியை இணையுங்கள். கையை மேலும் கீழும் அசைக்க, முள் இரு கோடிகளுக்கும் செல்லுதல் வேண்டும். திருப்தியாயின் பற்றரியை மீண்டும் கழற்றி, புதிய தக்கை வளையம் இட்டு, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். தனி எர்த் வயர் ஒன்றையும் சேர்த்துப் பூட்டுங்கள். இறுக்கிய முனைகளின்மேல் வசலின் பூசினால் உப்புக் காற்று அணுகாது.

அளவுகோல்

புதிய கருவியையும் கண்மூடி நம்புதல் ஆகாது. தாங்கி காலியாகும் தறுவாயில் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, ஐந்து ஐந்து லீற்றராக டீசல் ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சுத்தமான உலர்ந்த மரக்கோலை அடிவரை இறக்கி, நனைந்த மட்டத்திற் கோடு வெட்டுங்கள். முள் நிற்கும் இடத்தையும் எழுதிவையுங்கள். இக்கோலைக் கருவிப் பெட்டியில் வைத்திருங்கள். உழவுக்குப் புறப்படுமுன் ஒருமுறை கோலிட்டுப் பார்க்கும் கமக்காரரின் இயந்திரம், ஈரம் காயுமுன் வயலை முடித்துக்கொண்டு வீடு திரும்பும்.