நீண்டு மீளும் இழை

ஆனையிறவைக் கடந்து ஏ-9 நெடுஞ்சாலையில் தெற்கே செல்வோர் பரந்தன் வழியாகக் கிளிநொச்சியை அடைவர். இலங்கை உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கு மாஸ் நிறுவனத்தின் வானவில், விடியல் என்னும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. விளையாட்டு உடைக்கு இந்நிறுவனம் பெயர் பெற்றது. அவ்வகை உடை, முழங்கால் மடங்கும்போது நீண்டு, நிமிரும்போது பழைய அளவுக்கே திரும்பும். நீள்வது அரிதன்று, பழந்துணியும் இழுத்தால் நீளும். மீள்வதே அருமை.

அதனை ஆக்குவது, லைக்ரா என்னும் வணிகப் பெயரால் பலரும் அறிந்த ஸ்பான்டெக்ஸ் இழை. 1937இல் செருமனியில் ஒட்டோ பேயர் பொலியூரேத்தேன் வேதியியலுக்கு வழி திறந்தார். 1958இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் யோசேப் சிவர்ஸ் அவ்வழியே இவ்விழையை உருவாக்கினார். அதுவரை உள்ளாடைகளில் இருந்த இறப்பர் நூல், வியர்வையாலும் உடலின் எண்ணெய்ப் பசையாலும் நைந்தது.

இவ்விழை ஒரு பல்பகுதியம். அதன் சங்கிலி போன்ற மூலக்கூற்றில் நெகிழும் மென்பகுதிகளும் விறைத்த வன்பகுதிகளும் மாறிமாறி அமைந்துள்ளன. மென்பகுதிகள் ஓய்வில் ஒழுங்கின்றிச் சுருண்டு கிடக்கும், இழுத்தால் நேராகும். விட்டதும் வெப்ப அசைவு அவற்றை மீண்டும் சுருட்டிவிடும். நேராக நிற்க வழிகள் சில, சுருண்டு கிடக்க வழிகளோ எண்ணிலடங்கா. மீட்சியின் மறைபொருள் அவ்வளவே. வன்பகுதிகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றி, சங்கிலிகள் வழுக்கிப் பிரியாமல் நங்கூரமாய் நிற்கின்றன. அதனால் ஐந்து மடங்கு நீட்டினும் இழை அறாது.

உடையில் இதன் பங்கு சிறிதே. பெரும்பகுதி பொலியெசுத்தரோ நைலோனோ ஆகும். ஆயினும் அச்சிறு பங்கு தையலின் முறையையே மாற்றுகிறது. வெட்டுமுன் துணிச்சுருளை அவிழ்த்து ஓய்வாகக் கிடத்த வேண்டும். இழுபட்டபடி வெட்டினால் பின்னர்ச் சுருங்கி அளவு பிழைக்கும். கூர்முனை ஊசி இழையை அறுக்கும். உருள்முனை ஊசி விலக்கி நுழையும். சாதாரண நேர்த்தையல் துணியோடு நீளாது அறுந்துவிடும் என்பதால் ஓவர்லொக், பிளட்லொக் தையல்கள் வேண்டும். இக்கைத்திறனை அறிவியலோடு சேர்த்து எண்ணாதது நம் பிழை.

இவ்விழைக்குப் பகையும் உண்டு, அவற்றுள் ஒன்று குளோரீன். முன்னாளில் ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரீனும் ஆக்கியது. வியர்வை உப்பில் குளோரைட்டாக இருக்கையில் தீங்கற்ற அத்தனிமம், நீச்சல் தடாகத்தில் கிருமி கொல்லும் குளோரீனாக வந்தால் இழையின் சங்கிலிகளைச் சிதைக்கும். மிகு வெப்பமும் அதன் மீள்திறனைக் கெடுக்கும். ஆகவே நீச்சலுடையை உடனே நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்காதீர்கள்.