வானத்தைப் பார்த்த மலை... சாலையைப் பார்க்காத ஊர்! இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு ஜவ்வாது மலை நடத்தும் பாடம்

முதல் செமஸ்டர் முடித்து ஊருக்குத் திரும்பும் ஒரு மலைக்கிராமத்து மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட். பையில் துவைக்க வேண்டிய துணிகள், கூடவே பாதி எழுதிய லேப் ரெக்கார்டு. வீட்டு வாசலில் இறங்கியதும் பாட்டி கேட்பார், ``இன்ஜினீயருக்குத்தானே படிக்கிற? நம்ம ஊருக்கு ரோடு போட்டுருவியா சாமி?''

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்விதான். ஆனால், `எதற்காகப் படிக்கிறோம், யாருக்காகப் படிக்கிறோம்' என்று யோசிக்கும் எந்த இன்ஜினீயரிங் மாணவருக்கும் இதைவிட நேரடியான கேள்வி கிடைக்காது. அதற்கு ஜவ்வாது மலையிலேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன.

காவலூர் தந்த பெருமை

முதல் பதில், அந்த பஸ் கடந்து போகும் காவலூரில் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டு, தென்வானத்தையும் பார்க்க வசதியான இடம் என்பதால் வானியல் அறிஞர் வைணு பாப்பு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். 1960-களின் இறுதியில் ஒரு சிறிய தொலைநோக்கியோடு இங்கே வேலை தொடங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பெரிய கனவு அதற்குப் பிறகுதான் நனவானது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கினார்கள். பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கூடத்தில்தான் அந்தக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றினார்கள். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதைப் பார்க்க வைணு பாப்பு இல்லை. 1982-லேயே அவர் மறைந்துவிட்டார். அவர் பெயரைத்தான் தொலைநோக்கி இன்றும் சுமக்கிறது.

இப்படி ஒரு கண்ணாடியில் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய பிழைகூட இருக்கக் கூடாது. இருந்தால் நட்சத்திரம் மங்கித் தெரியும். `பரவாயில்லை, இது போதும்' என்று தேய்ப்பவர் நினைத்தால், அடுத்த இரவே வானம் காட்டிக்கொடுத்துவிடும்.

அல்லேரி தந்த வலி

இரண்டாவது பதில் வலி மிகுந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இதே பகுதியில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே இருக்கிறது அல்லேரி மலை. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லை. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. உடலைத் திரும்பக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் பாதி வழியிலேயே நின்றுவிட, தாய் தன் குழந்தையைக் கைகளில் ஏந்தியபடி மலைப்பாதையில் நடந்தார். அந்தக் காட்சியைத் தமிழகம் மறந்திருக்காது.

பல கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோளைப் பார்க்கத் தேவையான திறமை நம்மிடம் இருந்தது. சில கிலோமீட்டர் சாலைக்குத் தேவையான திறமையும் இருந்தது. ஆனால், அது அந்த ஊர் வரை போய்ச் சேரவில்லை.

இதற்கு ஓர் இன்ஜினீயரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மலைச்சாலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மழைநீர் வடிகால் சரியில்லையென்றால் மண் சரியும். மரங்களையும் காக்க வேண்டும். இதற்கெல்லாம் சட்டத்தில் வழியும் இருக்கிறது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை போன்ற வசதிகளுக்காக, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தைப் பயன்படுத்த 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. மலையில் வேலை செய்யப்போகும் சிவில் இன்ஜினீயருக்கு சிமென்ட் கணக்கோடு இந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, ஊர் மக்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

படிக்கவைப்பது யார்?

மலைக்கிராமங்களிலிருந்து உயர்கல்விக்கு வரும் பிள்ளைகளின் கதைகள் இப்போது அடிக்கடி செய்தியாகின்றன. ஜமுனாமரத்தூர் அருகே புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த இரண்டாவது நாளில் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, 2024-ல் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். அதே ஆண்டு பச்சைமலை மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி-யில் இடம்பிடித்தார். 2025-ல் கல்வராயன் மலை மாணவி ஒருவருக்கு சென்னை ஐ.ஐ.டி-யில் இடம் கிடைத்தது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இட ஒதுக்கீட்டை 2021-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

இது யாரும் போட்ட பிச்சை இல்லை, உரிமை. அதேநேரம், அது மக்கள் பணம். சாமை விதைக்கும் பாட்டியும் கடையில் சோப்பு வாங்கும்போது வரி கட்டித்தான் வாங்குகிறார். அவரும் சேர்ந்துதான் பேரனைப் படிக்கவைக்கிறார்.

அதற்காக, படித்த எல்லோரும் மலைக்கே திரும்ப வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை வாங்கி, வீட்டுக் கடனை அடைத்து, தங்கையைப் படிக்கவைப்பதும் பொறுப்புதான். எங்கே வேலை பார்த்தாலும் கூடவே எடுத்துப் போக வேண்டிய ஒன்று இருக்கிறது.

லேப் ரெக்கார்டில் தொடங்குகிறது!

இன்ஜினீயரிங் பாடத்திட்டத்தில் மனித விழுமியங்கள், தொழில் நெறிமுறைகள் எல்லாம் பாடமாகவே இருக்கின்றன. ஆனால், உண்மையான தேர்வு லேபில் நடக்கிறது. சோதனையில் ரீடிங் சரியாக வரவில்லை. நேரமும் இல்லை. சீனியரின் ரெக்கார்டு கையில் இருக்கிறது. பார்த்து எழுதிவிட்டால் மார்க் கிடைத்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

நான்கு வருடம் கழித்து அதே கை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் கான்கிரீட் கியூப் சோதனை அறிக்கையை எழுதும். 15 சென்டிமீட்டர் கட்டிகளை வார்த்து, 28 நாள்கள் தண்ணீரில் ஊறவைத்து, நசுக்கிப் பார்த்து பலத்தைக் குறிக்க வேண்டும். பார்க்காமலே எழுதிப் பழகிய கை அங்கேயும் பார்க்காமலே எழுதினால்?

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பலரும் வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டடத்தை 2016-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தொலைநோக்கியின் பிழை அடுத்த இரவே தெரிந்துவிடும். கட்டடத்தின் பிழை சுவருக்குள் ஒளிந்திருக்கும்.

ஒரு மாணவரின் கேள்வி இன்னொரு பெரும் விபத்தைத் தடுக்க உதவியதும் உண்டு. 1978-ல் நியூயார்க்கில் புதிதாகக் கட்டியிருந்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தின் தூண்கள் மூலைகளில் இல்லாமல் நடுவில் இருந்தன. அதைப் பற்றி ஒரு மாணவர் கேட்டதுதான் தன்னை மறுபடியும் கணக்குப் போடவைத்தது என்று அதன் வடிவமைப்பாளர் வில்லியம் லெமெசூரியர் பின்னாளில் சொன்னார். பலத்த காற்றுக்குக் கட்டடம் தாங்காது என்று தெரிந்ததும், தன் பெயர் கெடுமே என்று அவர் மறைக்கவில்லை. உரிமையாளரிடம் போய்ச் சொன்னார். இரவு இரவாக இணைப்புகளுக்கு எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து பலப்படுத்தினார்கள். ஆனால், பொதுமக்களுக்கு இந்த விஷயம் 1995-ல்தான் தெரிந்தது. அங்கே வசித்தவர்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. தவற்றை ஒப்புக்கொண்டது பாதிப் பொறுப்பு என்றால், பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சொல்வது மீதிப் பொறுப்பு.

பாட்டிக்கு என்ன பதில்?

`ரோடு போட்டுருவியா சாமி' என்ற கேள்விக்கு அந்த முதலாமாண்டு மாணவன் உடனே `ஆமாம்' என்று வாக்குக் கொடுக்க முடியாது. அது அவன் கையில் மட்டும் இல்லை. ஆனால், என்றாவது ஒரு சாலைக்கோ, பாலத்துக்கோ, மென்பொருளுக்கோ அவன் கையெழுத்துப் போடும்போது, அதை நம்பிப் போகும் பாட்டிகளும் குழந்தைகளும் நினைவுக்கு வந்தால் போதும்.

அதற்கான பயிற்சியை இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். பையில் அந்த லேப் ரெக்கார்டு இருக்கிறதே... சரியாக வராத ரீடிங்கை அப்படியே எழுதி, ஏன் வரவில்லை என்று அதற்குக் கீழே இரண்டு வரி சேர்க்கலாம். இரண்டு மார்க் குறையலாம். குறைந்தால் குறையட்டும்!