மாடத்தை இடிக்காதீர்கள்!

சென்னையில் 1975-ம் ஆண்டு டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது. அதன் பிறகு வீடு கட்டிய பலர், டெலிவிஷன் பெட்டி வைப்பதற்கென்றே கூடத்துச் சுவரில் மாடம் விட்டார்கள்.

இப்போது வருவது தட்டை டெலிவிஷன். 43 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் சுமார் 38 அங்குலம். 30 அங்குல மாடத்தில் அது நுழையுமா? நுழையாது! உடனே பக்கச் சுவரைக் கொத்தச் சொல்கிறார்கள்.

ஆபத்து!

மாடத்துக்கு மேலே உள்ள சுவரைத் தாங்குவது "லிண்டல்" என்ற கான்கிரீட் கட்டை. அதன் இரு முனைகளும் பக்கச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே கொத்தினால் பிடிமானம் போய்விடும். மேல்சுவர் விரிசல் விடும். இடிந்தும் விழலாம்.

இதோ வழி!

மாடத்தின் குறுக்கே இரண்டு கெட்டியான மரச் சட்டங்கள் வையுங்கள். முனைகளை இரு பக்கச் சுவரிலும் திருகாணியால் இறுக்குங்கள். துளை போடுமுன், உள்ளே மின்சார ஒயர் போகிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்தின் மேல் டெலிவிஷனை மாட்டுங்கள். பின்னால் இடம் இருப்பதால் சூடு தங்காது. ஒயர்களும் மறைந்துவிடும். கேபிள் பெட்டியை மட்டும் வெளியே வையுங்கள். மறைவில் இருந்தால் ரிமோட் வேலை செய்யாது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பார்கள். டெலிவிஷனுக்கும் அது பொருந்தும்!