இழப்பிலாப் படக் கோப்புகள்

தென்னிந்தியாவின் முதற் பயணிகள் இரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. அந்நிலையத்தின் பழம்படமொன்றை ஸ்கேனர் கருவியால் படியெடுக்கிறோம் எனக் கொள்வோம். அதனை எவ்வடிவிற் காப்பது?

ஜேபெக் முறை, கண் எளிதில் உணராத நுணுக்கங்களை நீக்கிக் கோப்பினைச் சிறிதாக்குகிறது. திருத்தி மீண்டும் மீண்டும் சேமிப்பின் இழப்பு பெருகும். பெயர்ப்பலகை எழுத்துகளின் விளிம்பு மங்கும். 1996இல் வெளிவந்த பிஎன்ஜி முறையோ திரும்பத் திரும்ப வருவனவற்றைச் சுருங்கக் குறிக்கின்றதேயன்றி எதனையும் நீக்குவதில்லை. கோப்பினைத் திறக்குங்கால் ஒவ்வொரு புள்ளியும் இருந்தவாறே மீளும். கூகுள் நிறுவனம் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி வடிவில் இன்று இழப்புடையது, இழப்பிலாதது என இருவகையும் உண்டு. ஆயின் அதில் ஒரு பக்கம் 16,383 புள்ளிகளுக்கு மேற்படலாகாது; மிகப் பெரிய படங்கட்குப் பிஎன்ஜியே ஏற்றது.

ஃபோட்டோஷாப் 2022 முதல் துணைநிரல் இன்றியே வெப்பியைத் திறக்கிறது. கிம்ப் மென்பொருளும் திறக்கவல்லது. இவற்றிலிருந்து வெப்பியாக வெளியிடுங்கால் ‘இழப்பிலாதது’ என்னும் தெரிவினை மறவாது குறித்தல் வேண்டும். அடுக்குகளுடன் கூடிய மூலத்தை அம்மென்பொருளின் சொந்த வடிவில் தனியே வைத்தல் நன்று.

ஜேபெக்கில் ஒருமுறை இழந்ததைப் பின்னர்ப் பிஎன்ஜியாக மாற்றுவதால் மீட்க இயலாது. எனவே முதற்படியே இழப்பிலாததாக அமைதல் வேண்டும். துறைமுகமும் ஆலைகளும் பெருகி உருமாறிய வடசென்னையின் பழைய தோற்றம், திருவொற்றியூர், எண்ணூர் இல்லங்களின் மங்கிய படங்களிலேயே எஞ்சியிருக்கலாம். பெரியோர் பேணிய அப்படங்களைப் பழுதின்றிப் படியெடுத்துக் காத்தல் மாணவர்தம் கடனாகும்.