பந்தை வீசணும்... மாங்கா அடிக்கக் கூடாது!

மாம்பழத்துக்குப் பேர்போன தர்மபுரி மாவட்டத்தில், கல்லெறிந்து மாங்காய் அடிக்காத குழந்தைகள் குறைவு. அதேபோல முழங்கையை மடக்கிப் பந்தை எறிந்தால், தெரு கிரிக்கெட்டில் அதற்குப் பெயரும் 'மாங்கா'தான்!

பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர் நடராஜன். 2015-ல் ரஞ்சியில் அறிமுகமான அவர், பந்துவீச்சு முறை மீது புகார் எழுந்ததால் ஆக்‌ஷனையே மாற்ற நேர்ந்தது. இந்திய அணிக்கு ஆடியது 2020-ல்தான்.

குழந்தைகளுக்கு எடுத்த எடுப்பில் 22 யார்டு வேண்டாம், 15 போதும். தூரம் கூடினால், பந்தை எட்டவைக்கக் கை மடங்கும். முதலில் ஓடிவராமல், பக்கவாட்டில் நின்று, கை காதை உரசும்படி டென்னிஸ் பந்தை வீசட்டும். கை நேரான பிறகு ஓட்டம், வேகம் கடைசியில்!