சைக்கிளுக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி

புதுச்சேரி சைக்கிளுக்கென்றே அமைந்த ஊர். மேடு பள்ளம் கிடையாது. தெருக்கள் கோடு போட்டாற்போல் நேராக இருக்கும். பள்ளிக்கூடம், மார்க்கெட், கடற்கரை என்று பெண்கள் சைக்கிளில் போய்வருவது எங்களுக்குப் புதிதல்ல. வழியில் பஞ்சர் ஆனாலும் நாலு தெரு தள்ளிக்கொண்டு போனால் ஒரு சைக்கிள் கடை வந்துவிடும்.

சங்கடமெல்லாம் ஊர் எல்லையைத் தாண்டும்போதுதான். கல்லூரியில் படிக்கும் என் பெண், மூன்று தோழிகளோடு திருவக்கரைக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்றாள். கல்மரப் பூங்காவும் வக்கிரகாளியம்மன் கோயிலும் இருக்கிறதே, அந்தத் திருவக்கரைதான். உடனே என் மாமியார், "வயசுப் பொண்ணுங்களை அவ்வளவு தூரம் அனுப்பறியே, நடு ரோட்டுல பஞ்சர் ஆச்சுன்னா யாரு வருவாங்க?" என்று கேட்டார். "நாங்களே ஒட்டிக்கிறோம் ஆயா!" என்றாள் இவள். "ஒட்டத் தெரியுமா உனக்கு?" என்றார் அத்தை. பதில் இல்லை.

அத்தை கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே, நம் பெண்களை "வேண்டாம்" என்று நிறுத்தி வைக்கும் காரணங்களில் பாதி, இப்படி ஒரு பஞ்சரில் வந்து நிற்பவைதானே! பஞ்சருக்கு வழி செய்துவிட்டால் தடையும் போய்விடும். எங்கள் தெருமுனைக் கடைப் பெரியவரிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் பெண்ணும் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பையில் என்னென்ன?

மொத்தமும் ஒன்றரை கிலோவைத் தாண்ட வேண்டியதில்லை. சீட்டுக்கு அடியிலோ கேரியரிலோ ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும்.

பம்ப்: கைக்கு அடக்கமானது. வாங்கும்போது உங்கள் சைக்கிளின் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று காற்றடித்துப் பார்த்தே வாங்குங்கள். பழைய மாதிரி சைக்கிளுக்கு ஒரு வகை வால்வு. இப்போது வரும் பல சைக்கிள்களில் ஸ்கூட்டருக்கு இருப்பது போன்ற வால்வு. ஒன்றின் பம்ப் மற்றொன்றுக்கு உதவாது.

மாற்று டியூப் ஒன்று: டயரின் பக்கவாட்டில் அளவு அச்சிட்டிருக்கும். அதை எழுதிக்கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள். முகப்பவுடர் தூவி, மடித்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஸ்பேனரோடு உராய்ந்து பையிலேயே ஓட்டை விழுந்துவிடும்!

பஞ்சர் சாமான்: பேட்ச் ஆறு, உப்புத்தாள் ஒரு துண்டு, சொல்யூஷன் ட்யூப் ஒன்று. சொல்யூஷன் ஒருமுறை திறந்தால் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். நீண்ட பயணத்துக்குப் புதிதாக ஒன்று வைப்பதே நல்லது.

டயர் நெம்பும் லீவர் இரண்டு: திருப்புளியால் நெம்பினால் டியூப் கிழியும். லீவர் இல்லாத அவசரத்துக்கு, முனை மழுங்கிய கனமான எவர்சில்வர் கரண்டிக் காம்பு கை கொடுக்கும்.

வால் டியூப்: பழைய மாதிரி வால்வுக்குள் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். அது கிழிந்தால் டியூபில் ஓட்டையே இல்லாமல் காற்று போகும். இரண்டு அங்குலத் துண்டு ஒன்று பையில் இருந்தால் போதும்.

ஸ்பேனரும் திருப்புளியும்: சக்கர நட்டுக்கு, சீட்டுக்கு, பிரேக்குக்கு என்று எந்த அளவு தேவை என்பதை வீட்டிலேயே போட்டுப் பார்த்து அவற்றை மட்டும் எடுங்கள். புது மாதிரி சைக்கிளுக்கு 'எல்' வடிவ ஆலன் சாவியும் வேண்டியிருக்கும்.

செயின் லாக் ஒன்று, பிரேக் கட்டை ஒரு ஜோடி, கேபிள் பிரேக்கானால் கேபிள் ஒன்று. கியர் சைக்கிளுக்கு அதன் செயினுக்கென்று உள்ள இணைப்புக் கண்ணியும், செயின் பிரிக்கும் சிறு கருவியும் தேவை.

இவற்றோடு இன்சுலேஷன் டேப் (பம்பின் மேலேயே நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் இடம் மிச்சம்), ஒரு முழம் மெல்லிய கம்பி, பழைய டயரில் வெட்டிய இரண்டு அங்குலத் துண்டு, துடைக்கத் துணி, சின்னப் புட்டியில் எண்ணெய். செயினுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஊற்றலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும். ஆனால் கையில் ஒட்டிய கரியை எடுக்கத் தேங்காய் எண்ணெயைப் போல வேறில்லை. தேய்த்துத் துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

பஞ்சர் ஒட்டுவது இப்படி

முதலில் வால்வைப் பாருங்கள். அதன் மேல் துளி எச்சில் வைத்தால், காற்று கசிந்தால் குமிழி வரும். வால்வு சரியாக இருந்தால்தான் டயரில் கை வைக்க வேண்டும்.

பேட்ச் போடச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்றில்லை. மிச்சக் காற்றை இறக்கி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் நெம்பி, டியூபை வெளியே இழுங்கள். காற்றடித்துக் கன்னத்தருகே கொண்டுபோனால் எங்கே சீறுகிறது என்று தெரியும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். பேட்சைவிடச் சற்று அகலமாகச் சொல்யூஷனை மெலிதாகத் தடவி, ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு பேட்சை வைத்து அழுத்த வேண்டும். பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கிற நமக்கு இந்தப் பதம் ஒரு பெரிய காரியமா?

இன்னொன்று ரொம்ப முக்கியம். டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். எங்கள் பக்கத்துச் சாலையோரம் முழுக்கச் சீமைக் கருவேலம். முள் டயரிலேயே தங்கியிருந்தால் ஒட்டிய டியூப் அடுத்த நிமிடமே ஓட்டை! டயரே கிழிந்திருந்தால், அந்தப் பழைய டயர்த் துண்டை உள்ளே கிழிசலுக்கு நேராக வைத்துக் காற்றடித்தால் வீடு வந்து சேரலாம்.

ஸ்போக்ஸ் கம்பி ஒன்று உடைந்தால் பதற வேண்டாம். பக்கத்துக் கம்பியோடு சேர்த்து டேப்பால் கட்டிவிட்டு, மெதுவாகப் போய்க் கடையில் மாற்றலாம். செயின் லாக் மாட்டும்போது, கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ். மற்றவை இறுகும் பக்கம் திருப்பினால்தான் அது கழலும். தெரியாமல் மல்லுக்கட்டாதீர்கள்!

முன்னே ஓட்டிப் போனவர்கள்

நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் பெரிய சைக்கிள் பந்தயம் டூர் தெ பிரான்ஸ். 1903-ல் தொடங்கியது. அந்நாளில் ஓட்டுகிறவரே தன் சைக்கிளைப் பழுது பார்க்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று விதி. 1913-ல் மலையிறக்கத்தில் யூஜீன் கிறிஸ்தோஃப் என்பவருக்கு முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. சைக்கிளைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தானே காய்ச்சி அடித்து ஒட்டினார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்ததற்கு அவருக்கு அபராதம் வேறு போட்டார்களாம்!

அவ்வளவு தூரம் போவானேன்? 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். 1992-ல் மகளிர் தின வாரத்தில் 1,500 பேருக்கு மேல் ஊர்வலமாக ஓட்டிப் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. தண்ணீருக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். ஓட்டுவது அவர்கள் வாங்கித் தந்த தைரியம். பழுது பார்ப்பதையும் சேர்த்துக்கொள்வது நம் பங்கு.

என் பெண்ணும் தோழிகளும் போய் வந்தார்கள். போகும் வழியில் ஒருத்தியின் சைக்கிளில் முள் குத்தியதாம். வேப்பமர நிழலில் அரைமணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரவு அத்தை அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "கரி போகலையே, எண்ணெய் தேய்ச்சியா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவர்கள் பாகூருக்குப் போனபோது தடை சொல்லவுமில்லை.

புறப்படுமுன்

நாலு பேர் சேர்ந்து போனால் பம்பும் ஸ்பேனரும் ஒரு செட் போதும். டியூப் மட்டும் ஒவ்வொரு அளவுக்கும் ஒன்று வேண்டும். பை கடைசியாக வருகிறவரிடம் இருக்கட்டும். முதலில் போகிறவரிடம் இருந்தால், பின்னால் நின்றுபோனவர் கூப்பிட்டுக் கொண்டே இருக்க வேண்டியதுதான்!

முதல் நாள் மாலை காற்று, பிரேக், செயின், நட்டுகள் நான்கையும் பாருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், காயத்துக்குப் பஞ்சும் பிளாஸ்திரியும், செல்போன், கொஞ்சம் சில்லறைப் பணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு வாசலில் ஒருமுறை டியூபைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கூட உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள். பழகாத கையில் எத்தனை சாமான் இருந்தும் பையின் பாரம்தான் மிச்சம்.